வெறுங்கையோடு வாருங்கள்

தலைமைப் பீடத்தில் வீற்றிருந்து, நாடி பிடித்து நோயைச் சொல்லி, நெஞ்சில் குழாய் வைத்து நாம் சொல்லும் பொய்யையும் கேட்டுவிடும் மருத்துவர் தனேஸ்வரன் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, இருந்த கைதட்டலையெல்லாம் கூடையோடு அள்ளிக்கொண்டு அமர்ந்துவிட்ட துவாரகா டீச்சர் அவர்களே, மாதர் சங்கத்தின் மாண்புமிகு தாய்மார்களே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்ற அதே காலோடு மாலையில் கூட்டத்துக்கும் நிற்கும் பெரியோர்களே, கோயில் மதிலில் ஏறி உட்கார்ந்து கடலை கொறிக்கும் வாலிபச் சிங்கங்களே, கடையையும் பூட்டாமல், கூட்டத்துக்கும் வராமல், கடைவாசலில் நின்றே கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் மொஹிதீன் நானா அவர்களே, முன்வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னை முறைக்கும் என் மனைவி பெரியாயி அவர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் தேயிலை ஸ்டோர் ஆலையில் கொழுந்து வாட்டும் இந்தச் சின்னராசாவின் பணிவான வணக்கத்தைப் பந்தியில் பரிமாறுவதுபோல ஒருவரும் விடுபடாமல் பரிமாறுகிறேன்.

சிரிக்கிறீர்கள். மனைவியை ‘அவர்களே’ என்றதற்குச் சிரிக்கிறீர்கள். வீட்டில் நான் எப்படிக் கூப்பிடுவேன் என்பது லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரியும். நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர், அதற்கும் காது உண்டு.

எனக்கு இன்று ஒதுக்கிய வேலை நன்றியுரை. நன்றி சொல்லிவிட்டு இறங்கு என்றுதான் சங்கத்தார் சொன்னார்கள். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவன் இல்லை. வாத்தியார் உட்கார் என்றால் எழுந்து நிற்பேன், நில் என்றால் ஓடிவிடுவேன். திருவிழா மேடைகளுக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் கீழே நின்று கேட்டுக் கேட்டுக் கற்ற தமிழ் இது. மேடையைக் கொடுத்தபின் இறங்கு என்றால், இறங்கத் தெரியாத பிள்ளைதான் நான். தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, அது ஓடட்டும், நானும் ஓடுகிறேன்.

இதோ, பின்னால் ஒரு துணி கட்டியிருக்கிறது. ‘உடல் பெருக்கக் காரணம் உண்ணும் வாயா, விற்கும் பக்கட்டா?’ என்று எழுதியிருக்கிறதாம். டாக்டர் ஐயா என்ன சொன்னார்? வாய் உன்னுடையது, வயிறு உன்னுடையது, பூட்டும் திறப்பும் உன் கையில் என்றார். உண்மையா இல்லையா? உண்மை. டீச்சர் என்ன சொன்னார்? மினுமினுக்கும் பிஸ்கட் பக்கட்டு, மூலைக்கு மூலை விளம்பரம், லயத்துக்குள் கரண்ட் வந்த கையோடு தொலைக்காட்சி வந்தது, தொலைக்காட்சி வந்த கையோடு கம்பெனிக்காரன் வந்து நம் பிள்ளைகளின் மடியில் உட்கார்ந்துகொண்டான் என்றார். உண்மையா இல்லையா? அதுவும் உண்மை.

நானும் மொஹிதீன் நானாவிடம் கேட்டேன். “ஏன் நானா, கடை வாசல்ல சரம் சரமாத் தொங்க விட்டிருக்கீங்களே, சாமிக்கு மாலையா?” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “தம்பி, நான் கீரக்கட்டும் வச்சுப் பாத்தேன். காலையில வச்சது அந்திக்கு வாடிப் போகுது. ஆடுதான் திங்குது. பக்கட்டு வாடுமா?” என்றார். வாடாத பொருளைத்தானே வணிகன் வைப்பான்? வாடினால் நட்டம் அவருக்கு. வாடாவிட்டால் நட்டம் நமக்கு.

என்ன தம்பி அங்கே? சத்தமாகச் சொல்லுங்கள். என் தொந்தியைப் பற்றியா? கேள்வி நியாயமானது. இது பிஸ்கட்டால் வளர்ந்தது இல்லை, வேறு வகையில் வளர்ந்தது. அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள். தலைமை தாங்க நானே வருகிறேன்.

அன்பர்களே, வாயும் உண்மை, பக்கட்டும் உண்மை. ஆனால் கடையில் தொங்கும் பக்கட்டு தானாக நடந்து வாய்க்கு வருமா? அதற்குக் கால் உண்டா? நடுவில் ஒரு கை இருக்கிறதே, அந்தக் கையைப் பற்றி இந்தத் துணியில் ஒரு வார்த்தையும் இல்லையே. அந்தக் கையைப் பற்றிப் பேசத்தான் என் மனைவியிடம் உத்தரவு வாங்கி வந்திருக்கிறேன். “பேசுறதுன்னா பேசுங்க. ஆனா என் நிறை எவ்வளவுன்னு மட்டும் மைக்குல சொன்னீங்க, அப்புறம் லயத்துக்கு வரவேணாம்” என்றாள். ஆகவே அந்த எண்ணை நான் சொல்லமாட்டேன். டாக்டர் ஐயாவுக்குத் தெரியும். அவரும் சொல்லமாட்டார்.

பெரியாயிக்கு வயிற்றில் ஒரு கட்டி. ஆளை அழிக்கிற கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆகவேண்டிய கட்டி. வலி வந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் பூனையை விரட்டுவதுபோல் ஏதாவது செய்வாள். மலையில் கொழுந்து பறிக்க ஏறியவள் இப்போது ஏறுவதில்லை. போன ஆடியில் தெமோதரையில் பஸ் ஏறிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த டாக்டர் ஐயாதான் பார்த்தார். பார்த்துவிட்டு அவருடைய யாழ்ப்பாணத் தமிழில், “அம்மா, வெட்டி எடுக்கலாம். ஆனா இந்த நிறையோட மயக்க மருந்து குடுத்தா உங்கட மூச்சுக்கு நான் பொறுப்புச் சொல்ல ஏலாது. கொஞ்சம் குறைச்சுக்கொண்டு வாங்கோ. பயப்பிட ஒண்டுமில்லை” என்றார். நல்ல வார்த்தை. பெற்ற தகப்பன் சொல்லும் வார்த்தை.

நாங்கள் திரும்பி வந்தோம். வந்தது மட்டும்தான் நாங்கள் செய்த குற்றம். ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெட்டாமல் திரும்பி வந்துவிட்டாள் என்றால் நம் தோட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். மேல் லயத்தில் ‘வெட்ட முடியாதாம்’ என்று கிளம்பிய பேச்சு, கீழ் லயத்துக்கு வருவதற்குள் ‘வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றாராம்’ என்று வளர்ந்துவிட்டது. குறையச் சொன்னது பெரியாயியின் நிறையை. கூடியது செய்தியின் நிறை.

பிறகு வந்தீர்களே, என் உயிரினும் மேலான உறவுகளே, வரிசை வரிசையாக வந்தீர்களே. வெறுங்கையோடு வந்தீர்களா? நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போவது நம் வழக்கத்தில் உண்டா? கிரீம் பிஸ்கட் வந்தது. சீனி தூவிய பிஸ்கட் வந்தது. உடம்புக்குத் தெம்பு என்று மாவு டின் வந்தது. களைப்புக்கு நல்லது என்று கலர் சோடா வந்தது. பண்டாரவளைக்குப் போன ஒரு புண்ணியவான் ஐசிங் போட்ட கேக்கே கொண்டுவந்தார். அதில் ‘ஹேப்பி பர்த்டே’ என்று எழுதியிருந்ததாம், யாரோ வாங்காமல் விட்டுப்போன கேக் போலும். அன்போடு வந்த எழுத்தை நாங்கள் வாசிக்கவில்லை, வெட்டிவிட்டோம்.

வந்தவர்கள் சும்மா வைத்துவிட்டுப் போனீர்களா? “ஒன்னு தின்னு, நான் பாத்துட்டுப் போறேன்” என்றீர்கள். பெரியாயி கொஞ்சம் முகம் வாடியிருந்தால், “என்னடி இப்படி எளச்சிட்ட, ஒம் புருசன் சோறு போடலயா?” என்றீர்கள். நம் ஊரில் மெலிந்தால் விசாரணை, பருத்தால் பாராட்டு. என்ன செய்வாள் அவள்? தின்றாள். நீங்கள் போக மனமில்லாமல் போவதைப் பார்த்து, உங்கள் மனம் நிறையத் தின்றாள்.

மறுபடி பதுளைக்குப் போனோம். தராசில் ஏற்றினார்கள். முள் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? ஏறியிருந்தது. டாக்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, நான் குறைக்கச் சொல்லியெல்லோ விட்டனான். நீங்கள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்” என்றார். பெரியாயி உங்களில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “என் வாய்தாங்க ஐயா” என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் நான் சும்மா வந்திருக்க வேண்டும். நான் எந்தக் காலத்தில் சும்மா வந்தேன்?

“யாரு கொண்டாந்தா என்ன, வேணாம்னு ஒரு சொல்லுச் சொன்னா முத்தா உதிர்ந்துரும்?” என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹாலிஎல தாண்டியபின் வாயைத் திறந்தாள். “அடுத்த காம்பரா வீட்டுச் சிவசக்தி வந்தா. இடுப்புல புள்ள. அந்தப் புள்ளைக்கு அவ என்னிக்காச்சும் கிரீம் பிஸ்கட் வாங்கிக் குடுத்திருக்காளா? எனக்கு வாங்கியாந்திருக்கா. அந்தப் புள்ள பக்கட்டையே பாக்குது. நான் பிரிச்சு அதுக்கு ரெண்டு குடுத்தேன். சிவசக்தி, ‘ஐயோ அக்கா, ஒங்களுக்குன்னு வாங்கினது’ன்னு அதுங்கிட்டருந்து புடுங்குறா. புள்ள அழுவுது. நான் ஒன்ன எடுத்துத் தின்னாத்தான் அவ புள்ளைய விடுவா. நீங்க இருந்திருந்தா என்னங்க செய்வீங்க?”

டாக்டர் ஐயா, நீங்கள் படித்த பெரிய புத்தகத்தில் இதற்கு மருந்து இருக்கும். என்னிடம் இருக்கவில்லை. “நான் மூணு தின்னிருப்பேன்” என்றேன். அவள் சிரித்தாள். சிரித்ததும் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீடு வரும்வரை நான் வேடிக்கை பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வாசலில் காவலுக்கு நின்றேன். கோயிலுக்குத் துவாரபாலகர்போல, பிஸ்கட்டுக்குச் சின்னராசா. முதலில் வந்தது யார்? சிவசக்தி. முந்தானைக்குள் பக்கட்டு. “தங்கச்சி, கொண்டு வந்தத அப்படியே திருப்பிக் கொண்டு போம்மா” என்றேன். அதற்குக் காரணமும் சொல்லியிருக்க வேண்டும். காரணம் வாயில் வருவதற்குள் அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. “நாங்க குடுத்தா ஒங்களுக்கு ஆகாதாண்ணே?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆனால் என்னிடம் யாரும் பேசவில்லை. அந்தியில் பெரியாயி தலையை வாரினாள், நல்ல சேலையைக் கட்டினாள். “எங்க?” என்றேன். “அந்தப் புள்ளய அழ வச்சுட்டீங்க. சமாதானம் பேசிட்டு வாறேன்” என்றாள்.

சமாதானத்துக்குப் போகிறவள் எப்படிப் போவாள்? சொல்லுங்கள் தாய்மார்களே. ஆம், அந்த அம்மா சரியாகச் சொன்னார். மொஹிதீன் நானா கடைக்குப் போய், ஒரு பிஸ்கட் பக்கட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சமாதானம் நடந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். இருவரும் அழுதார்கள். சிவசக்தி சீனி போட்ட தேத்தண்ணி ஊற்றினாள். விருந்தாளி கொண்டுவந்ததைப் பிரிக்காமல் வைக்கலாமா? பிரித்தாள். இருவரும் அழுதுகொண்டே தின்றார்கள். திரும்பி வந்த என் மனைவி, “எல்லாஞ் சரியாப் போச்சு” என்றாள். எது சரியாய்ப் போனது? எந்தப் பக்கட்டால் சண்டை வந்ததோ, அந்தப் பக்கட்டைத் தின்றே சமாதானம் செய்தவர்கள் இந்த உலகத்தில் வேறெங்காவது உண்டா?

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிவசக்தியும் சிரிக்கிறாள். ஆனால் கேளுங்கள்.

நடக்கச் சொன்னார் டாக்டர் ஐயா. அவளும் நடந்து பார்த்தாள். ஒரு பொம்பளை வேலை ஒன்றும் இல்லாமல், கையில் கூடையும் இல்லாமல், தண்ணிக் குடமும் இல்லாமல் ரோட்டில் சும்மா நடந்து இந்தத் தோட்டம் பார்த்திருக்கிறதா? “எங்க போற?” என்று ஒருவர். “யாருக்கு என்ன?” என்று இன்னொருவர். ஒரு தாய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டார். புருசனோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறாள் என்று எண்ணம். எனக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னார். பிறகு அவளைத் தேற்றி, தன் கையாலேயே பால் டின்னை உடைத்துப் பால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நடந்து கரைத்ததைவிடக் குடித்துச் சேர்த்ததே அதிகம். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது யார் முந்தானையால் வாயை மூடுகிறார் என்று நான் பார்த்துவிட்டேன்.

தாய்மார்களே, நான் ஸ்டோரில் கொழுந்தை வாட்டுகிறவன். பச்சையாய் வரும் கொழுந்தைத் தட்டில் பரப்பி, காற்று விட்டு, அதன் நிறையைக் குறைக்கத் தெரியும் எனக்கு. என் பெண்டாட்டியை எந்தத் தட்டில் பரப்புவேன்? எந்தக் காற்றை விடுவேன்? அது என் ஒருவனால் ஆகாது. அவள் ஒருத்தியாலும் ஆகாது. அதற்கான வித்தை என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. எங்கே இருக்கிறது? மலையில் இருக்கிறது.

அந்தியில் மலையில் தராசு தொங்குகிறது. ஒருத்தியின் கொழுந்து அன்றைய அளவுக்குக் குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான், பாதிக் கூலிதான். அன்று ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கை ஓடவில்லை. காய்ச்சல் விட்டு வந்தவளுக்குக் கூடை நிறையவில்லை. அப்போது என்ன செய்கிறீர்கள்? தராசுக்குப் போகுமுன் பக்கத்து நிரைக்காரி தன் கூடையில் இருந்து இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போடுகிறாள். சொல்லிவிட்டா போடுகிறாள்? அவள் முகத்தைக் கூடப் பார்க்காமல் போடுகிறாள், வாங்குகிறவள் கூச்சப்படக் கூடாது என்று. கங்காணி அந்த நேரம் பார்த்து மேகத்தைப் பார்க்கிறார்.

கை மெதுவானது அவள் பாடு என்று யாராவது சொன்னோமா? சொல்லவில்லை. அவள் பறிக்கவே வேண்டாம், குந்தியிருக்கட்டும் என்று சொன்னோமா? அதுவும் சொல்லவில்லை. அவள் கைக்கு முடிந்ததை அவள் கைதான் பறிக்க வேண்டும். குறைந்த இரண்டு பிடிக்குத்தான் நம் கை. வாயா பக்கட்டா என்று துணியில் எழுதிக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு நாம் தினமும் மலையில் விடை எழுதிக்கொண்டிருக்கிறோம், எழுத்துத் தெரியாமலேயே.

தராசில் முள் ஏறக் கை கொடுத்த என் தாய்மார்களே, தராசில் முள் இறங்கக் கை கொடுக்கமாட்டீர்களா? போடத் தெரிந்த கைக்குப் போடாமல் இருக்கத் தெரியாதா? அள்ளிக் கொடுத்த அன்புக்கு, அடக்கிக் கொடுக்கத் தெரியாதா?

நேற்று பெரியாயி என்னிடம் ஒன்று சொன்னாள். உங்களிடம் சொல்லச் சொன்னாள். “வாய நான் பாத்துக்கிறேன். அது என் வேல. வாசல அவங்களப் பாத்துக்கச் சொல்லுங்க. வந்தவங்கள வேணாம்னு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது. ஆனா அவங்க வராமயும் இருந்துறக் கூடாது.” கடைசியில் சொன்னாளே, அதுதான் அவளுக்குப் பெரிய பயம். கத்திக்கு அவள் பயப்படவில்லை. பக்கட்டு வேண்டாம் என்றால் நீங்களும் வராமல் போய்விடுவீர்களோ என்று பயப்படுகிறாள்.

ஆகவே கேட்கிறேன். வாருங்கள். தினமும் வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள். நம் வழக்கத்தில் அது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியும். இந்தத் தைப்பூசம் வரைக்கும் எங்கள் வாசலில் வெறுங்கைதான் மரியாதை. தைப்பூசம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார் ஐயா. அன்றைக்குத் தராசு முள் அவர் சொன்ன இடத்தில் நின்றால் வெட்டுவார். நிற்காவிட்டால்... அதை நான் மேடையில் சொல்லமாட்டேன். என் வீட்டில் ராத்திரிக்குக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி இருக்கிறாள். அவளை நிமிர்ந்து படுக்கவைத்துப் பார்க்க எனக்கு ஆசை. அவ்வளவுதான் என் கோரிக்கை.

கையில் ஒன்றும் கொண்டு வராதவர்கள் என்ன கொண்டு வரலாம்? காலைக் கொண்டு வாருங்கள். அந்தியில் கோயில் வரைக்கும் ஏறி இறங்க அவளுக்கு ஒரு துணை வேண்டும். இரண்டு பேராய் நடந்தால் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள்.

யார் அது எழுந்திருப்பது? சிவசக்தியா? சொல்லும்மா. மைக் வேண்டாம், உன் குரல் எனக்குச் சுவர் வழியாகவே கேட்டுப் பழக்கம்.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். “அண்ணே, நாளைக்கு மலையால எறங்கினதும் அக்காவக் கூட்டிக்கிட்டுப் போறேன். புள்ளயத் தூக்க முடியாது, நீங்கதான் வச்சிருக்கணும்” என்கிறாள்.

வைத்திருக்கிறேன் தாயே. இந்தத் தொந்தியில் உட்கார்ந்தால் பிள்ளைக்குச் சிம்மாசனம்.

இன்னும் ஒரு கை உயர்கிறது. அங்கே ஒன்று. என் வாசலுக்கே வந்து புத்தி சொன்ன அந்த அம்மாவும் எழுந்துவிட்டார். பெரியாயி, முந்தானையை விலக்கி இந்தப் பக்கம் பார். முறைத்தது போதும். உனக்காக நிற்கிறார்கள் பார். அழாதே. சரி, அழு. அதிலும் கொஞ்சம் நிறை குறையும்.

தலைவர் ஐயா, எனக்குச் சொன்ன வேலையை இப்போதுதான் செய்யப்போகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், என்னைவிட நன்றாய்ப் பேசிய டீச்சருக்கும், பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும், நாளையிலிருந்து வாசலில் கீரைக்கட்டுத் தொங்கும் என்று அங்கிருந்தே தலையாட்டும் மொஹிதீன் நானாவுக்கும், எழுந்து நிற்கும் என் தாய்மார்களுக்கும் நன்றி சொல்கிறேன். கையில் பொருள் இருந்தால் கை கூப்ப முடியாது, பாருங்கள். இதோ, ஒன்றும் இல்லாத இந்த இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுகிறேன். இப்படியே நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.